மஞ்சள் புடவையும் மலாக்காவின் பந்தாட்டமும்

வெளியூர் போய்வந்ததைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்பவள். எங்கள் மாதர் சங்கத்தில், மலாயா போய்வந்தாயே, எழுந்து நின்று கொஞ்ச நேரம் பேசு என்றார்கள். பேசச் சொல்லாதீர்கள், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். பந்தாட்டம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ஆட்டத்தைப் பற்றிய என் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகன் கணேசனைப் பற்றியும் இதில் வருவதால் அவனிடம் முதலில் காட்டினேன். எழுதினபடியே இருக்கட்டும் என்றான்.

என் தம்பி ராசு யுத்தத்துக்கு முன்பே மலாயா போனவன். மலாக்கா ஊரில் காஜா பேராங் என்ற பகுதியில் இருக்கிறான். மரவாடியில் லாரி ஓட்டுகிறான். அங்கேயே மீனாட்சி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெயர்தான் நம்முடையது, தமிழ் வராது. அங்கே செட்டி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே வேர்விட்டவர்களின் வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். மீனாட்சி அந்தக் கூட்டத்துப் பெண்.

அவர்களுடைய மூத்த மகள் வள்ளி, என் மகனுக்கு முறைப்பெண். யுத்தம் முடிந்து ராசு ஒரு தடவை நாகப்பட்டினம் வந்தபோது, என் பெண் உன் வீட்டுக்குத்தான் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். மலாயா சுதந்திரம் வாங்கிய அடுத்த வருஷம் வள்ளிக்குப் பதினெட்டு. கணேசனுக்கும் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை நிலைத்துவிட்டது. எங்கள் அடுத்த தெரு மரைக்காயர் குடும்பத்துக்கு மலாக்கா கடைத்தெருவில் ஜவுளிக்கடை உண்டு. அவர்கள் போகும்போது துணைக்கு நானும் கிளம்பினேன். முறைப்படி பெண் கேட்பது, சரி என்றால் கையோடு அழைத்து வருவது. இதுதான் நான் போன காரியம்.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். நினைத்தாலே இப்போதும் குமட்டுகிறது.

கப்பலை விட்டு இறங்கி பஸ் ஏறினோம். நெகிரி செம்பிலான் என்ற மாநிலத்தையும் மலாக்காவையும் லிங்கி என்ற ஆறு பிரிக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டி ஏதோ சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். மரைக்காயர் மனைவி எனக்கு மொழிபெயர்த்தார். "இனிமே எல்லாரும் நல்லா மூச்சு விட்டுக்கங்க, மலாக்கா வந்துருச்சு" என்றாராம். இரண்டு வளைவு தாண்டியிருக்காது. பஸ் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. இப்போது மீதிப் பாதிப் பேர் சிரித்தார்கள். பின்னால் இருந்த சிரம்பான்காரர் ஒருவர் எழுந்து, "மலாக்காக் காத்து பட்டதும் வண்டிக்கே மூச்சு நின்னுருச்சு" என்றாராம். சிரம்பான், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்தின் பெரிய ஊர்.

அது வெறும் கேலி என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு மாநிலத்துக்கும் பந்தாட்டம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ராசு பெச்சாவோடு காத்திருந்தான். பெச்சா என்பது நம் ரிக்ஷாதான். ஆனால் ஓட்டுகிறவர் நமக்கு முன்னால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிறார். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய சங்கடம். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டே காஜா பேராங் வந்து சேர்ந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, புளி விட்ட மீன் குழம்பு, மிளகாயோடு இடித்த பெலாச்சான். பெலாச்சான் என்பது கூனி இறாலைப் புளிக்கவைத்து அடை தட்டிக் காயப்போட்டது. அதன் வாசனைக்கு நம் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களாம். நாகப்பட்டினத்துக் கருவாட்டுக் காற்றில் பழகிய எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். மீனாட்சி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ராசுவிடம் ஏதோ சொன்னாள். "நம்ம வீட்டு ஆளுதான்னு சொல்றா" என்றான்.

வள்ளி ஒடிசலான பெண். ஒரு தையல்கடையில் வேலை. அங்கத்திய பெண்களைப் போலக் கைலியும் மேலே இடுப்பு வரை தொங்கும் மெல்லிய சட்டையும் போட்டிருந்தாள். அப்பனிடம் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம் உண்டு. "அத்தே, காலு வலியா?" என்று கேட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு விளக்கேற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூவோடு நான் கொண்டுபோன பட்டுப்புடவையை வைத்தேன். நல்ல மஞ்சள் நிறம், அரக்குக் கரை. எங்கள் பக்கத்தில் அத்தை மஞ்சள் புடவை கொடுத்து, பெண் அதை உடுத்திக்கொண்டு வந்து கும்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாயைத் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. பேச்சு வராத எனக்கு இதைவிடச் சௌகரியமான வழக்கம் கிடையாது.

தாம்பாளத்தை நீட்டினதும் மீனாட்சி புடவையைப் பார்த்தாள், தெருப்பக்கம் பார்த்தாள், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வள்ளி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதை உடுத்தப் போகாமல் பீரோவில் வைத்து, மேலே ஒரு போர்வையையும் போட்டு மூடினாள். ராசு இருமிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடல் தாண்டி வந்து, கணேசனிடம் என்ன சொல்வது?

அடுத்த நாள் மீனாட்சி என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாததால் சைகையிலேயே காய்கறி வாங்கினோம். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. சவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, தேங்காய்ப்பாலும் கறுப்பு வெல்லமும் ஊற்றி ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தாள். அந்த வெல்லம் பனையில் இல்லை, தென்னம்பதநீரில் காய்ச்சுவது. ஊர்ப் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். நம் கருப்பட்டியை விடக் காரல் குறைவு.

திரும்பி வரும்போது எங்கள் தெருவில் ஒரே சத்தம். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு மஞ்சள் தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது. பருத்த ஓர் அம்மாள் நடுத்தெருவில் நின்று இடுப்பில் கை வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஓடிவந்து உறையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். பருத்த அம்மாளின் பெயர் அன்னம். வயதில் பெரிய பெண்களை அங்கே பீபி என்பார்கள். அன்னம் பீபி பலகாரம் விற்பவள். குழந்தைக்கு முப்பது நாள் ஆன வீடுகளுக்கு மஞ்சள் சோறு செய்து கொடுப்பது அவள் வழக்கமாம். அந்த வாரம் வெள்ளையாகவே செய்து கொடுத்தாள்.

மஞ்சள் என்றாலே ஆகாத ஊர் போலிருக்கிறது, அங்கே வந்து மஞ்சள் புடவையை நீட்டிவிட்டேனே என்று எனக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராசு ஊர் ஓரத்துக் கிளேபாங்குக்குப் பலகை கொண்டுபோனான். என்னையும் வண்டியில் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை. நாகூர் ரோட்டில் போகிற மாதிரியே இருந்தது. பக்கவாட்டில் பார்த்தபடி பேசினால் எனக்குக் கொஞ்சம் வார்த்தை வரும். மஞ்சள் இங்கே கெட்ட சகுனமா என்று கேட்டேன்.

அவன் சிரித்த சிரிப்பில் லாரி கொஞ்சம் விலகி ஓடிற்று.

"சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல லா, அக்கா. மஞ்சச் சட்டை அந்த நெகிரிக்காரனுங்க போடுறது. அதுலயும் சிவப்புக் காலர். நீ கரையோட அப்படியே வாங்கிட்டு வந்திருக்கே. நாளைக்கு நம்ம பாடாங்ல ஆட்டம். இந்த வாரம் பூரா காஜா பேராங்ல ஒரு வீட்டுல மஞ்சத்துணி வெளிய தெரியக்கூடாது. அன்னம் பீபி விடாது."

பேச்சில் லா சேர்ப்பது அந்த ஊர் வழக்கம், பாடாங் என்பது விளையாட்டு மைதானம். அப்படியானால் கோயிலில் எப்படி, அம்மனுக்கு மஞ்சள் கிடையாதா என்றேன். "அம்மனுக்கு மட்டும் பீபி விட்டுக்கொடுத்திருச்சு" என்றான்.

இரண்டு நாளாக அடைத்திருந்த நெஞ்சு அவிழ்ந்து நானும் சிரித்துவிட்டேன். ராசு நிறையச் சொன்னான். வருஷம் முழுவதும் பக்கத்துப் பகுதியான தெங்கேராக்காரனுக்கும் காஜா பேராங்காரனுக்கும் ஆகாது, கிளேபாங்காரனை இரண்டு பேருக்கும் ஆகாது. வெளி மாநிலம் ஆட வந்தால் மட்டும் எல்லாரும் மலாக்கா. அதிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். நம் ஊரில் தேர்வடம் பிடிக்கத் தெருவுக்குத் தெரு மல்லுக்கு நின்றுவிட்டு, பக்கத்து ஊர்க்காரன் கை வைத்தால் ஒன்றாகிவிடுவதில்லையா, அது போல.

இன்னொரு வழக்கமும் சொன்னான். ஆட்டத்தின் இடைவேளையில் இரண்டு பக்கத்து ஜனங்களும் நாலு வரிப் பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் சீண்டுவார்கள். முதல் இரண்டு வரி எதைப் பற்றியாவது இருக்கும். குத்தல் கடைசி இரண்டு வரியில். யாரைச் சொல்லிப் பாடினார்களோ அவரே பதில் பாட வேண்டும். வேறு ஆள் பாடினால் கணக்கில் சேராது. பாட்டில் எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நேரில் சொல்ல முடியாததைப் புருஷன் பெண்டாட்டிகூட அதில் சொல்லிவிடுவார்களாம்.

பலகையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ராசு பேச்சை மாற்றினான். "நீ வந்தது எதுக்குன்னு தெரியும் அக்கா. சொன்ன வார்த்தை இருக்கு. நீ கேட்டா நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்."

"வள்ளி என்ன சொல்றா?"

"நான் சொன்னா கேப்பா" என்றான். என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தான்.

ஆக, கேட்பதும் கேட்காததும் என் கையில் இருந்தது. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும், ஞாயிறு காலையில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று ராத்திரி ராசு, புடவை விஷயத்தில் அத்தை மனம் வாடியிருந்ததை வள்ளியிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் புடவைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொல்லியிருக்கிறான். எனக்கு இது பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆண்கள் எல்லாம் ராசுவின் லாரியில் முன்னால் போய்விட்டார்கள். பெண்களுக்கு மாட்டுவண்டி. அந்த ஊர் வண்டியின் கூரை இரண்டு முனையும் கொம்பு மாதிரி மேலே வளைந்திருக்கும். மீனாட்சியும் நானும் இன்னும் சிலரும் ஏறிவிட்டோம். அன்னம் பீபி வெற்றிலைப் பெட்டியோடு ஏறினதில் வண்டி ஒருமுறை பின்னால் சாய்ந்து நிமிர்ந்தது. வள்ளிக்காகக் காத்திருந்தோம்.

அவள் மஞ்சள் புடவையில் வந்தாள்.

கட்டத் தெரியாமல் ஏதோ சுற்றியிருந்தாள். நேரே என்னிடம் வந்து, வண்டிச்சக்கரத்தின் ஓரம் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு பெண் அன்னம் பீபியின் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பீபி வெற்றிலையை நன்றாக மென்றாள். பிறகு ஏதோ சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். "அத்தை கொடுத்ததுன்னா உக்காரு, வெயில் படாம உள்ள உக்காரு" என்றாளாம். ஒரு பெண் தன் சால்வையை எடுத்து வள்ளியின் தோளில் போர்த்தினாள். மஞ்சள் பாதிதான் மறைந்தது.

எங்கள் வழக்கப்படி பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

தெங்கேரா வந்ததும் மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்டது. ஓட்டுகிறவர் மீனாட்சியின் அண்ணன். வாலை முறுக்கினார், கெஞ்சினார். கடைவாசலில் இருந்த தெங்கேரா ஆட்கள், காஜா பேராங் மாட்டுக்குக்கூட ஆட்டம் பார்க்கப் பயம் என்று கிண்டல் செய்தார்கள். பீபி இறங்கி, மஞ்சள் சட்டைக்காரர்கள் வருவதற்குள் வந்து தூக்குங்கள், பிறகு சிரிக்கலாம் என்றாள். உடனே அத்தனை பேரும் வந்து கை கொடுத்தார்கள். மாடு எழுந்ததும் வண்டிக்குப் பின்னாலேயே அவர்களும் நடந்து வந்தார்கள்.

பாடாங் கடலை ஒட்டி இருந்தது. கடற்கரைப் பக்கத்துப் போர்த்துகீசிய மீனவர்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாபாக்கள் என்று சொல்லப்படும் பழைய சீனக் குடும்பத்தார் வீட்டிலிருந்தே நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். கிளேபாங் மலாய்க்காரர்கள் ஒரு மூலையில். காஜா பேராங் பெண்களுக்கு ஒரு பெரிய மரத்தடி. அங்கே பீபியின் பாயில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அன்று என்னை உட்காரச் சொன்னாள்.

எதிர்ப்பக்கம் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். எல்லாம் மஞ்சள். அங்கிருந்து திடீரென்று தமிழ் கேட்டது. எனக்குக் காது குளிர்ந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள். சோடா வாங்கப் போன இடத்தில் அவர்களில் ஒருத்தி என் புடவைக்கட்டைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்லேருந்து வந்தீங்களா அக்கா? எந்தப் பக்கம்? அட, எங்கம்மாவுக்கு வேதாரண்யம். அந்தச் செட்டிங்களோட என்னத்தப் பேசுவீங்க, அதுங்களுக்குத் தமிழே வராதே. வாங்க, தமிழாளுங்க நாம ஒண்ணா உக்காருவோம். பாருங்க, உங்க வீட்டுப் பொண்ணே எங்க கலரு கட்டியிருக்கு."

நாக்கில் ஈரம் இல்லாமல் கிடந்தவளுக்குத் தண்ணீர் காட்டின மாதிரி இருந்தது. நானும் வேதாரண்யத்தில் பிறந்தவள். அவளோடு உட்கார்ந்தால் பேசிக்கொண்டே இருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் மீனாட்சி என் இடத்தில் தன் கைக்குட்டையை விரித்துப் பிடித்துவைத்திருந்தாள். என் தம்பி பெண்டாட்டி அங்கே இருக்கிறாள், போகவேண்டும் என்றேன். அந்தப் பெண் தப்பாக நினைக்கவில்லை. "சரி, தோத்தப்புறம் வாங்க, ஆறுதல் சொல்றோம்" என்று சிரித்தாள். சோடாவுக்கும் அவளே காசு கொடுத்துவிட்டாள்.

ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லாரும் காலால் உதைக்கிறார்கள், ஓர் ஆள் மட்டும் கையால் பிடிக்கலாம். மலாக்கா முதலில் ஒரு கோல் போட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டதில் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பந்து மதிலைத் தாண்டிக் கடலில் விழுந்தது. ஒரு போர்த்துகீசியர் படகை எடுத்துக்கொண்டு போனார். மலாக்கா முன்னால் இருந்ததால் அவருக்கு அவசரமே இல்லை. துடுப்பை ஒரு தரம் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் கூச்சல் போட்டது. மதில்மேல் இருந்தவர்கள், காற்று எதிரில் அடிக்கிறது, பொறுங்கள் என்றார்களாம். காற்றே இல்லை.

இடைவேளை வந்தது. மஞ்சள் பக்கத்திலிருந்து கைப்பறையோடு ஒருவர் முன்னால் வந்தார். அவர் கை நேராக எங்கள் மரத்தடியைக் காட்டிற்று. சால்வை எப்போதோ நழுவிவிட்டிருந்தது. அவர் பாடினதை, இடைவேளைக்கு எங்கள் மரத்தடிக்கு வந்திருந்த ராசு எனக்கு வரிவரியாகச் சொன்னான்.

ஆற்றோரம் மூங்கில் வெட்டினோம்,
அக்கரையில் படகைக் கட்டினோம்.
மலாக்காப் பெண்ணுக்கே மஞ்சள் பிடித்துவிட்டது,
ஏறி வா பெண்ணே, லாரியில் இடம் இருக்கிறது.

அந்தப் பக்கம் பறையடித்துச் சிரித்தது. தெங்கேரா ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், நாற்காலியில் இருந்த பாபாக்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என்னால் வந்த வினை. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்னம் பீபி வாயைத் திறக்கவில்லை. அவள் பாடினால் கணக்கில் சேராது. வள்ளியின் முழங்கையை மட்டும் தொட்டாள்.

வள்ளி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. நழுவின மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடினாள். முதல் வரி நடுங்கிற்று, இரண்டாவதில் குரல் நிலைத்துவிட்டது, பிறகு நடுங்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் மைதானத்தின் மூன்று பக்கமும் எழுந்து ஆரவாரம் செய்தது. மதில்மேல் இருந்தவர்கள் துடுப்பால் கல்லைத் தட்டினார்கள். கைப்பறைக்காரர் கொஞ்சம் நின்றார், யோசித்தார், கையை நெஞ்சில் வைத்துத் தலை வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

ராசு மட்டும் கை தட்டவில்லை. என்ன பாடினாள் என்றேன். "அம்மியில மஞ்ச அரைச்சாங்களாம், கடல் தாண்டிப் புடவை வந்துச்சாம், அத்தை தந்ததைக் கட்டிக்கிட்டேன்னு..." என்று சொல்லி நிறுத்தினான். கடைசி வரி என்றேன். "லாரியில ஏறமாட்டேன்னு சொல்றா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கப்பலை அவர்களும் கப்பல் என்றுதான் சொல்கிறார்கள். வந்த அன்றைக்கே அதைக் கேட்டிருக்கிறேன். கடைசி வரியில் லாரிக்குப் பிறகு அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ராசுவையே பார்த்தேன். அவன் தலை குனிந்து, "லாரியிலயும் ஏறமாட்டேன், கப்பல்லயும் ஏறமாட்டேன்" என்றான்.

பிறகு நடந்த ஆட்டம் எனக்கு ஞாபகம் இல்லை. நெகிரிக்காரர்கள் இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். கடைசி கோலைப் பிடிக்காமல் விட்ட மலாக்கா ஆள் பீபிக்கு ஏதோ உறவு. சாப்பிடுவதற்கு மட்டும் அவன் கை சரியாக வேலை செய்யும் என்று பீபி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆண்கள் உம்மென்று லாரியில் ஏறினார்கள். பெண்கள் தோற்ற மாதிரியே இல்லை. வழியெல்லாம் வள்ளியின் நாலு வரியைப் பாடிக்கொண்டு வந்தார்கள். தெங்கேராவில் அந்தக் கடை ஆட்கள் அதை அதற்குள் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்கள்.

வள்ளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாடவில்லை. புடவையின் கீழ்க்கரையெல்லாம் சேறு. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே கோபமா?"

நான் யோசித்தேன். யோசிக்காமல் எனக்கு வார்த்தை வராது. பதினாறு வயதில் இதே மஞ்சளைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் வந்தவள் நான். யாரும் என்னை ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க வராது. இந்தப் பெண்ணுக்கு வந்தது. ஊரே பார்க்க எழுந்து நின்று சொல்லிவிட்டாள். ஆனால் என் காலைத் தொட்டுவிட்டல்லவா போய்ச் சொன்னாள்?

"பாட்டுல சொன்னதுக்குக் கோபிக்கக் கூடாதாமே" என்றேன்.

அவள் கரையிலிருந்து கையை எடுத்து, "இது கட்டுனா வரணும், அப்பா சொல்லுச்சு" என்றாள். "அத்தே கூப்பிட்டா வர்றேன்."

கணேசனின் முகம் என் கண் முன்னால் வந்தது. இவளுடைய படத்தை அவன் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்திருந்தான். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

"விளக்கு முன்னால கட்டினாத்தான் எங்க ஊர்ல கணக்கு" என்றேன். "பந்தாட்டத்துக்குக் கட்டினது சேராது."

அவளுக்கு எல்லா வார்த்தையும் புரிந்ததா தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அன்னம் பீபி வெற்றிலை மடித்து முதலில் எனக்கு நீட்டினாள். வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்ட பிறகு ராசு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நான் கேட்பதற்காகக் காத்திருந்தான். மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள், நான் கேட்பதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை. ராசு லாரியைக் கழுவினான். வள்ளி என் ரவிக்கை ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். நான் மஞ்சள் புடவையைச் சேறு போக அலசி, தெருவிலிருந்து தெரியாதபடி வீட்டுக்குப் பின்பக்கத்துக் கொடியில் காயப்போட்டேன்.